கடல் தாண்டி வந்த குடும்பத்துக்கு ஒரு கோப்பு போடுவது எப்படி

இலங்கைப் போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் மேட்டூரில் ஜூன் 12 திறக்கிற தண்ணீரை நம்பி உட்கார்ந்திருக்கிற கடைமடைக்காரர்களுக்கு, ஓரிடத்தில் அறிவித்தது இன்னோரிடத்துக்கு வந்து சேர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்சிக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு என்று இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்களில் போய்ப் பாருங்கள். ஒரே வீட்டில் அம்மம்மா இலங்கைக் குடிமகள், 1986இல் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் பிறந்த பெரியம்மா சட்டப்படி இந்தியர் ஆனால் அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை, 1992இல் பிறந்த அம்மா எந்த நாட்டுக்காரர் என்று எந்தத் தாளிலும் இல்லை, மாமா ஒருவர் பாரிஸில், இன்னொருவர் எங்கே என்றே தெரியாது. போர் ஒரு நாட்டைப் பிரிப்பதை வரைபடத்தில் காட்டலாம், ஒரு வீட்டைப் பிரித்ததைக் காட்டத் தாள்கள்தான் வேண்டும்.

அந்தத் தாள்களை ஒரே கோப்பில் கொண்டுவருவது எப்படி என்று எழுதுகிறேன். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வெளிப்பதிவில், அதாவது முகாமுக்கு வெளியே தங்கப் பதிவு செய்துகொண்டு, தஞ்சாவூர், கும்பகோணம் என்று வாடகை வீட்டில் இருப்பவர்கள், அப்புறம் அந்தக் குடும்பங்களில் பெண் எடுத்த, பெண் கொடுத்த நம் ஊர்க்காரர்கள், மூன்று தரப்புக்கும் இது. இப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் நீண்ட காலமாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். மனு தோற்கிற இடம் பெரும்பாலும் சட்டம் இல்லை, தேதிதான். எந்தத் தேதிக்கு எந்தத் தாள் என்று காட்ட முடியாமல் போகிற இடம்.

முதலில் ஒரு பெரிய தாளை எடுத்து எல்லாரையும் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர், இறந்தவர், காணாமல் போனவர், வெளிநாட்டில் இருப்பவர், யாரையும் விடாதீர்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பிறந்த தேதி, பிறந்த இடம், இந்தியக் கரையில் இறங்கிய தேதி, இறங்கிய இடம். அவ்வளவுதான், ஆனால் இந்த நாலு கட்டங்கள் நிரம்பவே மாதக்கணக்கில் ஆகும்.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தியக் குடியுரிமைச் சட்டம் பிறப்பைத் தேதியால் மூன்றாக வெட்டி வைத்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் வெளிநாட்டவராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவருமே இந்தியராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த முதல் அலைக் குடும்பங்களில் 1987 நடுப்பகுதிக்குள் இங்கே பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இப்போது நாற்பது வயதை ஒட்டியவர்கள், இன்னும் மாதாமாதம் முகாமில் வரிசையில் நின்று செக்கிங்குக்குக் கையெழுத்துப் போடுபவர்களும் அவர்களில் உண்டு. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அவர் கையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. உங்கள் வீட்டில் அந்தக் காலத்துக்குள் பிறந்தவர் யாராவது இருந்தால், மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் பிறந்த ஆஸ்பத்திரிக்கும் அந்த ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவாளரிடமும் முதலில் போங்கள். பிறப்பு அப்போது பதிவாகவே இல்லை என்றால் தாமதப் பதிவுக்கு வழி உண்டு, ஓராண்டு தாண்டியதற்குக் கோட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டியிருக்கும்.

கரையில் இறங்கிய தேதியும் அதே அளவுக்கு முக்கியம். 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய உள்துறை 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இதைக் குடியுரிமை என்று நினைத்துவிடாதீர்கள், சிலர் அப்படிச் சொல்லிப் பணம் பிடுங்குகிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்று நாடுகள்தான் உண்டு, இலங்கை அதில் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தும் போடவில்லை. ஆகவே உங்களுக்கு இருப்பது அரசாணைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும்தான், அவற்றுக்கு ஆதாரம் பதிவுத் தேதி.

சரி, தாள் தேடிப் போவதற்கு முன் வீட்டிலிருக்கிற மூத்தவரிடம் உட்காருங்கள். தாள் எங்கேயும் ஓடாது, அம்மம்மாவுக்கு எண்பது வயது.

அவர்களிடம் ‘எந்த வருடம்?’ என்று கேட்டால் பதில் வராது. எதற்கு முன், எதற்குப் பின் என்று கேளுங்கள், கடகடவென்று வரும். வள்ளம் ஏறியது இந்திய ஆமி வருவதற்கு முன்னா பின்னா? இந்திய அமைதிப்படை வந்தது 1987 ஜூலைக் கடைசி, திரும்பியது 1990 மார்ச். எம்.ஜி.ஆர். இறந்தபோது எங்கே இருந்தீர்கள்? அது 1987 டிசம்பர் 24. ராஜீவ் காந்தி கொலை 1991 மே 21, அதற்குப் பிறகு கெடுபிடி கூடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணமே காலியாகி நாவற்குழிப் பாலம் வழியாக நடந்த பெரிய இடப்பெயர்வு 1995 அக்டோபர் 30. சமாதான காலம் என்று அவர்கள் சொல்வது 2002 பிப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பிறகு. சுனாமி 2004 டிசம்பர் 26, அப்போது வீட்டில் கைக்குழந்தை இருந்ததா என்று கேட்டால் பிறந்த வருடம் தானாக விழும். தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்திலிருந்து வடக்கே வன்னிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தவர்கள் என்றால் 1977 கலவரத்தைக் கேளுங்கள், பலர் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனது அப்போதுதான். விதைப்பும் அறுப்பும் கூடக் கை கொடுக்கும். நாம் குறுவை, சம்பா என்பது போல அவர்களுக்குக் காலபோகம், சிறுபோகம், ‘காலபோக நெல்லு நிண்டது, விட்டிட்டு ஓடி வந்தம்’ என்றால் மாதம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

கடல் கடந்த கதையைத் தனியாகக் கேளுங்கள். மன்னாரில் எந்தக் கரை, பேசாலையா தலைமன்னாரா, ஓட்டிக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த நகையை விற்றார்கள், இறக்கிவிட்டது அரிச்சல்முனையிலா நடுக்கடல் மணல் திட்டிலா, திட்டிலிருந்து கூட்டி வந்தது கடற்படையா மீனவரா. கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் இறங்கியவர்களும் உண்டு, அங்கே எந்த வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள் என்பது வரை நினைவு வைத்திருப்பார்கள். இதையெல்லாம் ஏன் கேட்க வேண்டும் என்றால், எந்தக் கரை, எந்த மாதம் என்பது தெரிந்தால் எந்தப் பதிவேட்டில் தேடுவது என்று தெரியும். மண்டபத்தில் முதல் பதிவு, அப்புறம் எந்த முகாமுக்கு அனுப்பினார்கள் என்று தடம் பிடித்துப் போகலாம்.

காணாமல் போனவரைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் அவசரமே படாதீர்கள். பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், கூட இருந்தவர் என்று கேட்ட பிறகு, தழும்பு, பல், நடை, வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர், என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், எந்தக் கையால் எழுதுவார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொரியாவில் இதன் பலனைக் கண்ணால் பார்த்தார்கள். 1950 முதல் 1953 வரை நடந்த போரில் பிரிந்த குடும்பங்களைச் சேர்க்க தென்கொரியத் தொலைக்காட்சியான கேபிஎஸ் 1983 ஜூன் 30 அன்று ஒரு நேரலை தொடங்கியது. அது 138 நாள் ஓடியது, லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், 10,189 பேர் தம் உறவுகளைக் கண்டுபிடித்தார்கள். அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது, குழந்தையாக இருந்தபோது பிரிந்தவர்கள். உடம்பில் இருந்த தழும்பும், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இடங்களும், கூடப் பிறந்தவர்கள் கூப்பிட்ட பெயரும்தான் அவர்களைச் சேர்த்தன. அந்த நேரலை ஓடிக்கொண்டிருந்த அதே ஜூலையில்தான் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. முப்பது வருடம் கழித்து அந்த அளவு சேர முடிந்தது, ஆனால் எல்லை தாண்டி வடகொரியாவில் இருப்பவரைப் பார்க்கப் பெயர் கொடுத்த 1.33 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கும் மேலானோர் பார்க்காமலே இறந்துபோனார்கள். காத்திருக்கலாம் என்று நினைக்கிற எந்தக் குடும்பமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த விவரங்களை வைத்து இலங்கையில் காணாமல் போனோர் அலுவலகத்துக்கு எழுதலாம், 2016 சட்டப்படி அமைந்த அலுவலகம் அது. செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடுதல் சேவையும் உண்டு. அந்த அலுவலகத்தின் மேல் காணாமல் போனவர்களின் தாய்மாருக்கு நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும், வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் 2017 முதல் தெருவில் உட்கார்ந்து போராடுகிறார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. இருந்தாலும் விவரம் ஓரிடத்தில் எழுத்தில் பதிவாகிவிட வேண்டும் என்பதே என் கருத்து. இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழையும் இலங்கை 2016 முதல் தருகிறது. காணி, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு அது உதவும். வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த அம்மாவே முடிவு செய்யட்டும், பிள்ளைகள் அவசரப்படுத்தக் கூடாது.

அடுத்து இங்கேயுள்ள தாள்கள். முகாம் குடும்ப அட்டை, பணக்கொடைப் புத்தகம், கியூ பிராஞ்ச் (முகாம்களைக் கண்காணிக்கும் தமிழகக் காவல் பிரிவு) பதிவு, பழைய அடையாள அட்டைகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. செல்லாது என்று எதையும் எறியாதீர்கள், பழைய அட்டையில்தான் முதல் பதிவுத் தேதி இருக்கும். கையில் இல்லாததை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பெயர் எழுத்து பற்றித் தனியாக ஒரு பக்கம் போட்டே ஆக வேண்டும். ராசா, ராஜா, ராசையா என்று ஒருவர் மூன்று தாளில் மூன்று பேராகியிருப்பார், ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவுக்குத் தோன்றியபடி ஐந்தாகவும் ஆகியிருப்பார். எந்தத் தாளில் எப்படி இருக்கிறது என்று அப்படியே எழுதி, எல்லாம் ஒரே ஆள் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் நோட்டரியிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கைத் தாள்களுக்கு வருவோம். அங்கே பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுங்கள், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் கிடைக்கும். பதிவேடே அழிந்திருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் கேட்கலாம். அந்தச் சான்றிதழில் பெற்றோரின் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, ‘இலங்கைத் தமிழர்’ என்றிருக்கிறதா ‘இந்தியத் தமிழர்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டனார் எங்கே பிறந்தார் என்றும் இருக்கும். உங்கள் கோப்பு எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதை இந்த இரண்டு கட்டங்கள்தான் தீர்மானிக்கும். யாரை அனுப்பி எடுப்பது என்ற கேள்விக்கு இப்போது டெல்டாவிலேயே ஒரு வழி வந்திருக்கிறது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், சுமார் நாலு மணி நேரப் பயணம். முகாம்காரர்கள் அதில் ஏற முடியாது, பாஸ்போர்ட் வேண்டும். ஆனால் நீங்கள் நம் ஊர்க்காரராக இருந்து உங்கள் சம்பந்தி வீடு அகதி வீடாக இருந்தால், போகும்போது ஓர் அதிகாரக் கடிதத்தோடு போய் வரலாம். கப்பல் எப்போது ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள், இடையிடையே நின்றுபோகிற சேவை அது.

காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், தொலைந்துவிட்டது என்று அழுகிற வீடுகள் நிறைய. இலங்கையில் உறுதி எழுதுகிற நொத்தாரிசு (நோட்டரி) ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆகவே மூலம் எரிந்தாலும் பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. நொத்தாரிசின் பெயர், உறுதி எழுதிய வருடம், காணியின் பெயர், எல்லைக்காரர்கள் பெயர், இவை மூத்தவர் வாயில் இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள். வன்னியில் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தில் தேட வேண்டும். ஒரு காணியை வேறொருவர் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டுவந்தால் அங்கே உரிமை கோரலாம், போர்க்காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழிக்க 2016இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள், அதற்கும் காலக்கெடு வைத்தார்கள். அங்கத்திய வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் ‘காணி போய்விட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த வேலையில் முகாம்காரர்களுக்குப் பல காலமாகத் துணை நிற்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை, 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அவருக்கு இங்கே பிறப்பாலேயே ஓர் உரிமை இருக்கிறது.

இனம் என்ற கட்டத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருந்தால் உங்கள் வேலை யாழ்ப்பாணத்தில் முடியாது, திரும்ப நம் ஆற்றங்கரைக்கே வர வேண்டும். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கு பிரித்தது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேர் 1974இல் ஆளுக்குப் பாதி. அந்தக் கணக்கில் யார் பக்கம் என்று முடிவாகாமலே கலவரத்தில் அடிபட்டு, பிறகு போரிலும் அடிபட்டு, தாத்தா கிளம்பிய மாவட்டத்துக்கே அகதியாக வந்து சேர்ந்தவர்கள் கொட்டப்பட்டில் இருக்கிறார்கள். இதைவிடக் கொடுமையான ஒன்றை நான் இந்த வேலையில் பார்த்ததில்லை.

இவர்கள் பூர்வீக ஊரைக் காட்ட வேண்டும். ‘முசிறிப் பக்கம்’, ‘பட்டுக்கோட்டைப் பக்கம்’ என்பதற்கு மேல் தெரியாது என்பார்கள். குலதெய்வம் எது என்று கேளுங்கள். கோயில் பெயர் கிடைத்தால் ஊர் கிடைக்கும், ஊர் கிடைத்தால் அங்கே திருவிழாத் தலைக்கட்டு வரி நோட்டைப் புரட்டச் சொல்லலாம், ‘சிலோன்காரர் வீடு’ என்று ஒரு வீட்டை இன்னும் சொல்லுகிற பெரியவர்கள் இருப்பார்கள். அந்த வீட்டில் பழைய கடிதம், மணியார்டர் துண்டு, பங்காளிகள் பட்டா, வில்லங்கத்தில் தாத்தா பெயர், எதுவானாலும் பிரதி எடுங்கள். பங்காளிகள் ‘பங்கு கேட்க வந்துவிட்டான்’ என்று பயப்படுவார்கள், முதல் வார்த்தையிலேயே நிலம் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். திருச்சி முகாம்காரர்கள் உள்ளிட்ட 65 பேர் இந்திய வம்சாவளி என்று சொல்லிப் போட்ட வழக்கில் மதுரைக் கிளை 2019 ஜூனில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பின் பிரதியைக் கோப்பில் வையுங்கள். இலங்கைப் பக்கம் போக விரும்புகிற மலையகக் குடும்பத்துக்கு, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தரும் இலங்கையின் 2003 சட்டமும் அதன் 2009 திருத்தமும் இருக்கின்றன.

உள்ளூர் மாப்பிள்ளை, முகாம் பெண் என்று நடக்கிற கல்யாணங்களில் பதிவு செய்வதே இல்லை. கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டு முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து பதிவுத் துறை அலுவலகத்தில் போய்ப் பதியுங்கள். பிறக்கப்போகிற பிள்ளையின் குடியுரிமைக்கு அப்பா இந்தியர் என்பதைக் காட்டுவதும், அம்மா முறைப்படி பதிவு செய்துகொண்டவர் என்பதைக் காட்டுவதும் பின்னால் மிகவும் தேவைப்படும்.

கோப்பில் போடக் கூடாததும் உண்டு. மூத்தவர் பேசும்போது இயக்கம், ஆமி, யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள் என்றெல்லாம் வரும். கேட்டுக்கொள்ளுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள், ஆனால் பெயர்களை மனுவுக்கான தாளில் எழுதாதீர்கள். ஒலிப்பதிவு செய்தால் அவர் சம்மதத்தோடு செய்யுங்கள், வாட்ஸ்அப் குழுவிலோ யூடியூபிலோ போடாதீர்கள், அந்தப் பெயர்க்காரரின் பிள்ளைகள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். ஷெல் அடி, பங்கர் என்று பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கை நடுங்கினாலோ, பேச்சு நின்றாலோ, அன்றைக்கு அவ்வளவுதான், தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு வேறு பேசுங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு மூன்று செட் நகல் எடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் எத்தனை வீட்டு ட்ரங்குப் பெட்டி நனைந்தது என்று நமக்குத் தெரியும், ஆகவே மூலத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். ஒரு செட் வேறு ஊரிலுள்ள உறவினரிடம், இன்னொன்று ஸ்கேன் செய்து வெளிநாட்டிலிருக்கும் மாமாவின் மின்னஞ்சலுக்கு. மனு போடும் நேரம் வரும்போது ஏஜென்ட் யாரிடமும் மூலத்தைக் கொடுக்காதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வழக்கறிஞர் தருவார்கள், ஆகவே முதல் மனுவை வீட்டுப் பெண்கள் பெயரிலேயே போடுங்கள், நகல் செட்டோடு போய் டோக்கன் வாங்குங்கள்.